மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குபவர்கள் ஃபில்டர் வாங்கும்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்: தண்ணீர் பளிச்சென்று தெளியுமா? ஆசை நியாயமானதுதான். ஆனால் தெளிந்த தண்ணீரிலும் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகும். லேசாகக் கலங்கிய தண்ணீரிலும் நன்றாகக் கொழுத்து வளரும். மீனைக் கொல்லும் விஷத்துக்கு நிறமே கிடையாது. அந்த விஷம் எது, அதை அகற்றும் வேலையை யார் செய்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், எந்த ஃபில்டர் என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

மீன் தின்னும் உணவிலுள்ள புரதத்தில் உடம்புக்குப் போக மிஞ்சும் நைட்ரஜன், அம்மோனியாவாக வெளியே வருகிறது. இதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே போய்விடும். கழிவும், தின்னாமல் விட்ட உணவும், அழுகிய இலையும் மேலும் கொஞ்சம் சேர்க்கும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அயனி வடிவம், அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இன்னொன்று கரைந்த வாயு வடிவம், செவுளைத் தாண்டி நேராக ரத்தத்துக்குள் போகும். எது எவ்வளவு என்பதை பிஹெச் அளவும் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய அரை சதவீதம்தான் விஷ வடிவம். பிஹெச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இரண்டு தொட்டிகளுக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் பிஹெச் 8 உள்ள தொட்டியில் ஆபத்து பத்து மடங்கு.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷம்தான்: ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்து அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், ரத்தம் பழுப்பு நிறமாகும், தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். தண்ணீர் மாற்றும்போது அது வெளியே போய்விடும், செடி இருந்தால் செடியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

அந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு வேலைகளையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகளும் இருப்பது தெரியவந்தது. அப்படிக் கண்டறியப்பட்டவற்றில் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்து கிடைத்தவை. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவங்களில் சில பலன் தருவதும் சில ஒன்றும் செய்யாமல் போவதும் ஏன் என்ற கேள்விக்கு, உள்ளே எந்த உயிரி உயிரோடு இருக்கிறது என்பதுதான் பெரிய விடை.

இந்த உயிரிகளுக்கு மூன்று குணங்கள். முதலாவது, இவை தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழும். இரண்டாவது, ரொம்ப மெதுவாகப் பெருகும். நமக்குத் தெரிந்த பல பாக்டீரியாக்கள் நிமிடக் கணக்கில் இரட்டிக்கும். இவற்றுக்குச் சாதகமான சூழலிலும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். மூன்றாவது, இவை பெரும் ஆக்சிஜன் குடியர்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறக்குறைய நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரை. அதிலிருந்துதான் மீனும் மூச்சுவிட வேண்டும்.

ஆக, ஃபில்டர் என்பது பாக்டீரியா குடியிருக்கும் இடம். நல்ல ஃபில்டர் என்றால் அந்தக் குடியிருப்புக்கு ஆக்சிஜன் உள்ள தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். உள்ளே அழுக்கு அடைத்துக்கொள்ளக் கூடாது. நாம் சுத்தம் செய்யும்போது பாக்டீரியா மொத்தமாகச் சாகக் கூடாது. நான் எந்த ஃபில்டரையும் இந்த மூன்றை வைத்துத்தான் எடைபோடுவேன்.

அழுக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபில்டர் பஞ்சில் சிக்கிய கழிவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்தக் கழிவின் ஊடாகத்தான் மணிக்குப் பலமுறை போய் வருகிறது, அது அங்கே அழுகி அம்மோனியாவாகித் திரும்ப மீனிடமே வருகிறது. ஃபில்டரைத் திறந்து அலசும் நாளில்தான் அது உண்மையில் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. எனவே திறக்கச் சுலபமாக இருப்பது ஒரு ஃபில்டரின் முதல்தரமான தகுதி. வாங்கும்போது பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை.

சரி, வகைகளுக்கு வருவோம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைவிட எளிமையான கருவி கிடையாது. ஏர் பம்ப் ஒரு குழாய்க்குள் காற்றைத் தள்ளுகிறது, குமிழிகள் மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன, அந்த இடத்தை நிரப்ப ஸ்பாஞ்சின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் உள்ளே வருகிறது. தொட்டிக்குள் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. இழுவை மெதுவானது என்பதால் குஞ்சு மீனோ குட்டி இறாலோ உள்ளே போகாது. மாறாக, ஸ்பாஞ்சின் மேல் படிவதையே இறால்கள் நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். குமிழிகள் மேற்பரப்பைக் கலைப்பதால் ஆக்சிஜனும் நன்றாகச் சேரும். மீன் குஞ்சு பொரிக்க வைப்பவர்களும் பெரிய அளவில் வளர்ப்பவர்களும் வரிசை வரிசையாக இதையே வைத்திருப்பது மலிவு என்பதால் மட்டும் இல்லை.

அலசும் விதம்தான் இதில் முக்கியம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை ஒரு பாலித்தீன் பைக்குள் விட்டு அப்படியே வெளியே எடுங்கள். வெறுங்கையால் தூக்கினால் சேர்ந்த அழுக்கில் பாதி தொட்டிக்குள்ளேயே கொட்டிவிடும். வாளியில் முக்கி நாலைந்து முறை பிழிந்தால் கரும்பழுப்பாகச் சேறு இறங்கும். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் உள்ளே எல்லாம் நலம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நடுவே ஆக்சிஜன் போகாமல் அடைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம், இனி கொஞ்சம் சீக்கிரமாக அலச வேண்டும். ஸ்பாஞ்ச் வெளுக்கும்வரை பிழிய வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசவே வேண்டாம். தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து இந்தப் பாக்டீரியாவையும் கொல்லும். இரண்டு ஸ்பாஞ்ச் உள்ள வகையை வாங்கி, ஒரு முறை ஒன்று, அடுத்த முறை மற்றது என்று மாற்றி மாற்றி அலசுவது இன்னும் பாதுகாப்பு.

இதன் குறைகள்: தண்ணீரைக் கண்ணாடி போல ஆக்காது, தொட்டிக்குள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், பம்ப் சத்தம் போடும். பெரிய, நிறையக் கழிக்கும் மீன்களுக்கு இது மட்டும் போதாது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடலாம்.

இதே கொள்கையில் ஒரு முழு நுரைச் சுவரைத் தொட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடிக்குக் கண்ணாடி நிறுத்துவார்கள். ஹாம்பர்க் மேட்டன் ஃபில்டர் என்று பெயர். பரப்பு பெரியது, தண்ணீர் மெதுவாகப் போகும், அதனால் மாதக்கணக்கில் தொடாமலே விடலாம். அழகு பார்க்காதவர்களுக்கு இதற்கு மேல் அமைதியான ஃபில்டர் இல்லை. சரளைக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் ஒருகாலத்தில் எங்கும் இருந்தது. பாக்டீரியாவுக்கு அது நல்ல இடம்தான், ஆனால் தட்டுக்கு அடியில் சேரும் சகதியை எடுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும். மண்ணைத் தோண்டும் மீனோ வேரூன்றும் செடியோ வைத்திருந்தால் அதை மறந்துவிடலாம்.

தொட்டிக்குள் முழுகி நிற்கும் இன்டர்னல் பவர் ஃபில்டர் சிறிய தொட்டிக்குச் சமாளிக்கும். உள்ளே ஸ்பாஞ்சுக்கு இடம் குறைவு, மோட்டாரின் சூடு தண்ணீரிலேயே சேரும், தண்ணீரைப் பீய்ச்சும் வேகம் அதிகம். வாய்ப்பகுதியைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி வைத்தால் வேகம் அடங்கும்.

தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஹேங்கிங் ஃபில்டர்களில் என் ஆட்சேபம் அதோடு வரும் காட்ரிட்ஜ் என்ற கழற்றி மாற்றும் வடிகட்டித் துண்டின் மேல்தான். மாதம் ஒருமுறை பழையதைத் தூக்கி எறிந்து புதியதைப் போடு என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கும். பல மாடல்களில் பாக்டீரியா குடியிருக்கும் முக்கியமான இடமே அந்தக் காட்ரிட்ஜ்தான். அதை எறிந்த சில நாளில் அம்மோனியா ஏறும், மீன் சோர்ந்து போகும், தொட்டி வைத்திருப்பவர் என்ன காரணம் என்று தெரியாமல் மருந்து ஊற்றுவார். காட்ரிட்ஜை விட்டுவிட்டு அந்த அறையில் ஒரு துண்டு கரடுமுரடான ஸ்பாஞ்சும் நுண்துளைகள் உள்ள செராமிக் ரிங் கொஞ்சமும் போட்டுவிடுங்கள். அதே கருவி பல வருடம் ஒழுங்காக உழைக்கும். ஸ்பாஞ்சை மாற்றத் தேவையில்லை, அலசினால் போதும். உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் உறை மாட்டினால் குஞ்சுகளும் தப்பிக்கும். இன்னொரு விஷயம்: மின்சாரம் போய் வந்ததும் தானாகத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளாத மாடல்கள் உண்டு, அவை வறண்டு ஓடி மோட்டாரைக் கெடுத்துக்கொள்ளும். வாங்கிய நாளிலேயே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

தொட்டியின் மேலே நீளத் தட்டு போல உட்காரும் டாப் ஃபில்டரைப் பலர் பழைய ரகம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, பஞ்சையும் மீடியாவையும் (பாக்டீரியா ஒட்டி வாழ உள்ளே போடும் செராமிக் ரிங் போன்றவை) கடந்து அது திரும்ப விழுகிறது. வழியெங்கும் காற்று படுகிறது, பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. மூடியைத் தூக்கினால் மேல் பஞ்சு கையில் வந்துவிடும்; வாரம் ஒருமுறை அலசுவது இரண்டு நிமிட வேலை. விளக்குக்கு இடம் குறையும், மேலிருந்து பார்க்கும் அழகும் போகும். தங்கமீன் மாதிரி ஓயாமல் தின்று கழிக்கும் மீனுக்கு இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

அப்புறம் கேனிஸ்டர். தொட்டிக்குக் கீழே மறைந்திருக்கும் மூடிய உருளை. இடம் நிறைய, சத்தம் மிகக் குறைவு, தொட்டிக்குள் இரண்டு குழாய் மட்டுமே தெரியும். செடித் தொட்டி வைப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு: மேற்பரப்பை அதிகம் கலைக்காததால் செடிக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு வீணாகாது. தண்ணீர் முதலில் சந்திப்பது கரடான ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும், பிறகு மென்மையான பஞ்சு, கடைசியாகச் செராமிக் ரிங் போன்ற மீடியா. வரிசை மாறினால் மீடியாவின் நுண்துளைகளைச் சேறு அடைத்துவிடும், அதற்கப்புறம் டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவுக்கு அர்த்தமில்லை. எந்தக் கூடையைத் தண்ணீர் முதலில் தொடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். பலவற்றில் கீழ்க் கூடைதான் முதல்.

கேனிஸ்டரின் ஆபத்து அது மூடியிருப்பதில் இருக்கிறது. ஓட்டம் நின்றுவிட்டால் உள்ளே அடைபட்ட கொஞ்சத் தண்ணீரின் ஆக்சிஜனைப் பாக்டீரியா சீக்கிரமே தீர்த்துவிடும். பல மணி நேரம் அப்படியே கிடந்தால் நல்ல பாக்டீரியா தவிக்கத் தொடங்கும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் மற்றவை தலையெடுத்து நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். மின்சாரம் வந்ததும் அது மொத்தமும் மீன்மேல் பாயும். நீண்ட நேரம் நின்றிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓடவிட வேண்டும். மின்சாரம் அடிக்கடி, நீண்ட நேரம் போகும் இடமென்றால் கேனிஸ்டரோடு கூடவே பேட்டரி ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் வைப்பது அவசியம். தொட்டிக்குள்ளேயே திறந்து நிற்கும் ஸ்பாஞ்ச், காற்று நின்றாலும் இன்னும் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிக்கும்.

இன்னொரு ஏமாற்றம் எண்ணில் இருக்கிறது. மணிக்கு 1000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மீடியா போடாமல், உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த ஓட்டம். கூடைகளை நிரப்பி, தண்ணீரைத் தொட்டி உயரத்துக்கு ஏற்றி, இரண்டு வாரம் அழுக்கும் சேர்ந்த பிறகு கிடைப்பது அதைவிட நன்றாகவே குறையும். வெளிக்குழாயை ஒரு லிட்டர் பாத்திரத்தில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்ற உண்மை தெரிந்துவிடும்.

பெரிய தொட்டிக்குச் சம்ப்தான் மிகச் சிறந்தது. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. தண்ணீர் நிரம்பி வழிந்து இறங்கும், பம்ப் திரும்ப மேலே ஏற்றும். மொத்தத் தண்ணீரின் அளவு கூடுவதே ஒரு பாதுகாப்பு. ஹீட்டரையும் அங்கேயே மறைத்துவிடலாம். ஆனால் பம்ப் நிற்கும்போது மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் தாங்கும் காலியிடம் சம்பில் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் தவறினால் தரையெல்லாம் தண்ணீர்.

செடிகளையே ஃபில்டராக நம்பலாமா? இந்த யோசனை வீட்டுத் தொட்டி அளவுக்கே பழையது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன், வல்லிஸ்நேரியா செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்து அவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதை 1850-ல் எழுதினார். செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுக்கின்றன என்பதும் உண்மை. வேகமாக வளரும் செடி அடர்த்தியாக இருந்து, மீன் குறைவாக இருந்து, வெளிச்சமும் சரியாக இருந்தால் ஃபில்டர் இல்லாத தொட்டியும் நிற்கும். அந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் நிற்காது. எனவே பழகும்வரை ஒரு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரையாவது கூடவே ஓடவிடச் சொல்வேன்.

எவ்வளவு பெரிய ஃபில்டர் என்பதற்குத் தொட்டியின் லிட்டரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: தொட்டித் தண்ணீர் மணிக்கு நான்கைந்து முறை சுற்ற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் பாக்டீரியாவின் வேலைப்பளுவைத் தீர்மானிப்பது நாம் போடும் உணவு. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 40 சதவீதம் புரதமுள்ள உணவை ஒரு நாளைக்கு 5 கிராம் போட்டால் 2 கிராம் புரதம், அதில் 0.32 கிராம் நைட்ரஜன். பாதி மட்டுமே அம்மோனியாவாக வந்தாலும், 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம், ஒரே நாளில். நிலைபெற்ற தொட்டியில் டெஸ்ட் கிட் காட்ட வேண்டிய எண் பூஜ்யம். அந்த இடைவெளியைத் தினமும் நிரப்புவது ஃபில்டருக்குள் இருக்கும் உயிர்கள். பெரிதாக வளர்ந்து நிறையத் தின்னும் ஆஸ்கர் மீன் ஒன்று இருக்கும் 300 லிட்டர் தொட்டிக்கு, சின்ன டெட்ரா மீன்கள் இருபது வளரும் 300 லிட்டர் தொட்டியைவிட பலமடங்கு ஃபில்டர் தேவைப்படுவது இதனால்தான்.

மீனின் சுபாவத்தையும் பார்க்க வேண்டும். ஃபைட்டர் மீனுக்கு நீளத் துடுப்பு, வேகமான ஓட்டத்தில் நீந்தி நீந்திக் களைத்துப்போகும். அதற்கு மெல்லிய குமிழி விடும் ஸ்பாஞ்ச் போதும். கப்பிக்கும் இறாலுக்கும் அதுவேதான். மலையோடைகளிலிருந்து வரும் லோச் மீன்களுக்கோ பாய்ந்தோடும், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும்; அங்கே பவர் ஃபில்டரோ கேனிஸ்டரோ வைப்பதோடு தனியாக ஓட்டம் தரும் பம்பும் தேவைப்படலாம். டிஸ்கஸ் மீன் 28 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் வளர்வதால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு; ஃபில்டர் பெரியதாகவும் ஓட்டம் நிதானமாகவும் இருக்க வேண்டும். மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றால் ஓட்டம் அதிகம். கழிவு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் அங்கே ஓட்டம் எட்டவில்லை.

ஃபில்டருக்குள் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி எல்லா நேரமும் தேவையில்லை. மருந்து கொடுத்து முடித்த பிறகு மிச்சத்தை உறிஞ்சவும், மரக்கட்டை விடும் பழுப்பு நிறத்தை எடுக்கவும் அது உதவும். சில வாரங்களில் தீர்ந்துவிடும். மருந்து போடும் நாட்களில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையே அது தின்றுவிடும். ஜியோலைட் என்ற தாதுக் கல் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். அந்தத் தொட்டியில் உப்புப் போட்டால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் சரியில்லை, வேறு வகைக்கு மாறலாம் என்று முடிவு செய்தால், பழையதை அன்றே கழற்ற வேண்டாம். புதியதை அதன் பக்கத்திலேயே வைத்து இரண்டையும் நான்கிலிருந்து ஆறு வாரம் சேர்த்து ஓட்டுங்கள். இடமில்லை என்றால் பழைய ஸ்பாஞ்சை வெட்டியாவது புதியதன் அறைக்குள் திணித்துவிடுங்கள். அதைக் காயவிடாமல், தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே மாற்ற வேண்டும். பழையதை எடுத்த பிறகு ஒரு வாரம் உணவைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் பாருங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தைத் தாண்டினால், அன்றைக்கே தொட்டியில் கால்வாசித் தண்ணீரைக் குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றிவிட்டு, பழைய ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே வையுங்கள்.